பூங்காவும் புகைப்படமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)

   

தமிழ்ச் சங்கத்தின் மேடையில் இலக்கியம் பேசுவர், இசை பேசுவர், சமயம் பேசுவர். புகைப்படத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் அழைத்தபோது நாங்கள் சற்றுத் தயங்கினோம். எங்களுள் ஒருவரேனும் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லர். ஒருவர் வங்கியில் கணக்கர், ஒருவர் பள்ளி ஆசிரியை, இருவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் கல்லூரி மாணவர், மற்றவர் இல்லத்தரசியர். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு நம் குடியிருப்பின் வாயிலில் கூடி, பெங்களூரின் பூங்கா ஒன்றிற்கோ ஏரிக்கரை ஒன்றிற்கோ நடக்கப் போகிறோம். கையில் காமிரா உள்ளவர் காமிராவால் எடுக்கிறார். இல்லாதவர் கைப்பேசியால் எடுக்கிறார். எங்கள் தகுதி அவ்வளவே.

இம்மண்டபத்துச் சுவரில் நாற்பது படங்களை மாட்டியிருக்கிறோம். கூட்டம் தொடங்குமுன் அவற்றைப் பார்த்து வந்த சிறுவன் ஒருவன், "மாமா, இதிலே புலி ஒன்றுகூட இல்லையே?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயமே. காக்கை இருக்கிறது, கொக்கு இருக்கிறது, ஒரே மரம் பன்னிரண்டு முறை இருக்கிறது, புலி இல்லை. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் கூறும் மறுமொழியே இந்தப் பேச்சு என்று கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலில் நாம் வாழும் நகரத்தின் பேற்றினை எண்ணிப் பார்ப்போம். நம் நாட்டின் பெருநகரங்களுள் நடந்தே சென்று பறவையையும் மரத்தையும் காணும் வாய்ப்பு இவ்வளவு எளிதாக உள்ள நகரங்கள் மிகச் சில. ஐதர் அலி 1760ஆம் ஆண்டில் தொடங்கி, அவர் மைந்தர் திப்பு சுல்தான் வளர்த்த லால்பாக், இன்று ஏறத்தாழ 240 ஏக்கர் பரப்புடையது. அதன் கண்ணாடி மாளிகைக்கு 1889ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டினர். அங்குள்ள பாறையோ ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடையது என்று நிலவியலார் கணித்துள்ளனர். நகரின் நடுவே கப்பன் பூங்கா. அது 1870ஆம் ஆண்டில் மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்டு சாங்கியின் முயற்சியால் அமைந்தது. அவர் பெயரையே தாங்கி நிற்கும் சாங்கி ஏரி 1882ஆம் ஆண்டில் அமைந்தது. தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அல்சூரிலோ, ஏரிக்கரையில் வள்ளுவப் பெருந்தகையே சிலையாக வீற்றிருக்கிறார். அச்சிலை 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்த ஏரிக்கரைக்கு விடியற்காலையில் செல்லுங்கள். நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காயும், கூழைக்கடா தாழப் பறந்து நீரில் இறங்கும், கரும்பருந்து வட்டமிடும். கட்டணமின்றிக் கிடைக்கும் காட்சி அது.

இந்நகரின் சாலை மரங்களைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். செருமனியில் பிறந்து, இலண்டன் கியூ தோட்டத்தில் பணியாற்றி, பின் பரோடா வழியே மைசூர் நாட்டிற்கு 1908இல் வந்து சேர்ந்தவர் குரும்பிகல் என்னும் தோட்டக்கலை அறிஞர். அவர் 1956ஆம் ஆண்டு இந்நகரிலேயே மறைந்தார். ஆண்டின் எந்த மாதத்திலும் நகரின் ஏதேனும் ஒரு சாலையில் ஏதேனும் ஒரு மரம் பூத்துக் குலுங்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ஆண்டின் தொடக்கத்தில் இளஞ்சிவப்புத் தபேபுயா. அதன்பின் ஊதாநிற ஜகரந்தா. கோடையில் குல்மோகர் என்னும் செம்மயிற்கொன்றை. இவற்றுள் தபேபுயாவும் ஜகரந்தாவும் அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து வந்தவை. குல்மோகர் மடகாஸ்கர்த் தீவிலிருந்து வந்தது. நிழல் பரப்பும் தூங்குமூஞ்சி மரமும் கடல் கடந்து வந்ததே. அவற்றுக்கு நடுவே இம்மண்ணுக்கே உரிய புங்கமும் அரசும் ஆலும் நிற்கின்றன. வந்த மரமும் இருந்த மரமும் ஒரே சாலையில் நிழல் தருகின்றன. பிறவூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தாராகிய நமக்கு இதனைக் காண்கையில் மனத்திற்குள் ஓர் ஆறுதல் பிறப்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி, நமக்கு முன் இவ்வழியே நடந்தவர்களை நினைவுகூர்வது கடமையாகும்.

புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பதினைந்தே ஆண்டுகளில் அது இப்பகுதியில் வேர் ஊன்றிவிட்டது. சென்னைப் படையின் அலுவலராகிய லின்னேயஸ் டிரைப் என்பவர் 1854ஆம் ஆண்டின் இறுதியில் பேலூர், ஹளேபீடு ஆகிய ஊர்களின் கோயில்களைப் படம் பிடித்தார். பின்னர் 1858இல் தஞ்சைக்கு வந்து, பெருவுடையார் கோயிலின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டி நீண்ட படச்சுருளாக ஆக்கினார். தாள் எதிர்ப்படமும் பெருங் காமிராவுமாக மாட்டு வண்டிக் காலத்தில் அவர் பட்ட பாட்டினை எண்ணிப் பாருங்கள். நம் சட்டைப் பையிலிருக்கும் கருவியின் அருமை அப்போது விளங்கும்.

காட்டு விலங்கையும் நாட்டுப் பறவையையும் படமெடுத்த தமிழருள் தலைசிறந்தவர் மா. கிருஷ்ணன். புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மைந்தர், 1912ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் சில ஆண்டுகள் இன்றைய கருநாடகத்தைச் சேர்ந்த சண்டூர்ச் சமத்தானத்தில் பணிபுரிந்தார். 1950 முதல் 1996இல் மறையும் வரை, 46 ஆண்டுகள், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதினார். வண்ணப் படம் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளைப் படத்தையே விரும்பினார். பல கருவிகளின் பகுதிகளைத் தாமே பொருத்தித் தமக்கென ஒரு காமிராவை உருவாக்கிக்கொண்டார். யானையைப் பற்றி எழுதிய அதே பேனாவால் வீட்டு முற்றத்துக் காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார். இவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் அவர்கள் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தந்துள்ளார். நம் சங்க நூலகத்தில் அந்நூல் இடம்பெற வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

நம் பெங்களூரிலேயே வாழ்ந்து பெரும்புகழ் எய்தியவர் தி. நா. அ. பெருமாள். டி.என்.ஏ. பெருமாள் என்றால் இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படத் துறையில் அறியாதார் இல்லை. 1932ஆம் ஆண்டு பிறந்து 2017ஆம் ஆண்டு மறைந்தவர். ஓ.சி. எட்வர்ட்ஸ் என்னும் இயற்கை ஆர்வலரிடம் கற்றார். இந்நகரின் மற்றொரு புகழ்பெற்ற கலைஞராகிய ஹனுமந்த ராவ் முதலியோருடன் காடுகளில் அலைந்தார். பன்னாட்டு மதிப்புகளைப் பெற்றார். தாம் கற்றதை இளைஞர்க்கு வாரி வழங்கினார். பிலிம் சுருளின் காலத்தில் இரவு நேரப் பறவைகளையும் விலங்குகளையும் படமெடுக்க எத்தனை பொறுமை வேண்டும் என்பதை அவர் படங்களைக் கண்டவர் உணர்வர்.

இப்பெரியோர்களின் பெயரைச் சொன்ன வாயால் எங்கள் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையுடையதாகாது.

மூன்றாண்டுகளுக்கு முன், நம் குடியிருப்பின் வேலிச் செடியில் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள். தாய் வாயில் புழுவோடு வந்து அமரும் காட்சி எங்களை மயக்கிவிட்டது. ஆனால் காமிராவுக்கும் கூட்டிற்கும் இடையே நாலைந்து இலைக்கொத்துகள் மறைத்தன. எங்களுள் ஒருவர் அவற்றை விலக்கிக் கட்டினார். மற்றொருவர் இரண்டைக் கிள்ளியே எறிந்தார். எஞ்சியவர் நல்ல படம் கிடைத்த மகிழ்ச்சியில் வாளாவிருந்தோம். அன்று எடுத்த படங்கள் மிக அழகாக இருந்தன. அலகின் நுனியில் ஒட்டியிருந்த மண் துகள்கூடத் தெரிந்தது. மறுநாள் காலை சென்று பார்த்தோம். கூடு வெறுமையாக இருந்தது. வேலியின் மேல் காக்கை இரண்டு அமர்ந்திருந்தன. தாய்ப்பறவை வாயில் இரையோடு வந்தது, கூட்டின் விளிம்பில் நின்றது, பறந்தது, மீண்டும் வந்தது. நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் நான்கு முறை வந்தது. இரையை அது விழுங்கவும் இல்லை, விடவும் இல்லை.

காக்கையைக் குறை கூறிப் பயனில்லை. அதற்கும் குஞ்சுகள் உண்டு. குருவி தேடித் தேடித் தேர்ந்த மறைவினை நீக்கியவர்கள் நாங்கள். அந்தப் படத்தை இச்சுவரில் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் நீங்கள் எல்லோரும் பாராட்டியிருப்பீர்கள். அந்தப் பாராட்டை ஏற்க எங்களால் இயலாது. இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் அந்தக் குஞ்சுகள் பறந்திருக்கும். அப்போது திறந்த கிளையில் அவற்றைப் படமெடுத்திருக்கலாம். பொறுமையில்லாத எங்களுக்கு அந்தப் பத்து நாள் நெடுங்காலமாகத் தோன்றியது.

அன்று முதல் எங்களுக்குள் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். கூடு கட்டும் பறவையை அணுகுவதில்லை. பறவை தன் வேலையை நிறுத்திவிட்டு நம்மை நோக்குமாயின், நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்பது பொருள். இரண்டு அடி பின்வாங்குகிறோம். குரலைப் பதிவிட்டு ஒலிக்கச் செய்து பறவையை அழைப்பதில்லை. தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என்று எண்ணி அது அலைக்கழியும். இரவுயிர்களின் மேல் பிளாஷ் விளக்கு அடிப்பதில்லை. நம் நகரத்து இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மரங்களில் தேவாங்கு வாழ்கிறது. இருளிற்கே அமைந்த அதன் பெரிய கண்களில் திடீரென வெள்ளொளி பாய்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நல்ல இடம் ஒன்று தெரிந்தால், கூடோ ஆந்தைப் பொந்தோ அங்கே இருக்குமாயின், அவ்விடத்தை ஊரறியப் பறைசாற்றுவதில்லை.

விதிகள் இருக்கட்டும், படம் நன்றாக அமைய வழி என்ன என்று இளைஞர் கேட்பீர்கள். எங்களுக்குத் தெரிந்த சிலவற்றைக் கூறுகிறோம். காலை ஏழு மணி முதல் ஒன்பது வரையுள்ள வெயில் சாய்ந்தும் மென்மையாகவும் விழும். நண்பகல் வெயிலில் பறவையின் கண் நிழலில் மூழ்கிவிடும். கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்றல் வேண்டும். உயிரினத்தின் கண் துலங்கினால் படம் துலங்கும். கண் மங்கினால் மற்றவை எவ்வளவு தெளிவாயினும் பயனில்லை. தரையில் மேயும் வாலாட்டியை நின்றபடி எடுத்தால் அதன் முதுகே தெரியும். நாமும் தரையோடு தாழ்ந்தால் அதன் உலகம் தெரியும். பறக்கும் பருந்தை எடுக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமேனும் வேண்டும். வெண்ணிறக் கொக்கை எடுக்கையில் ஒளியைச் சற்றுக் குறைத்தால்தான் இறகின் வரிகள் அழியாமல் நிற்கும். பறவை பார்க்கும் திசையில் சட்டத்திற்குள் கொஞ்சம் இடம் விட்டால் படம் மூச்சு விடும். விலையுயர்ந்த லென்ஸ் இல்லையே என்று வருந்தற்க. கைப்பேசி உள்ளவர் மரத்தையும் பூவையும் பட்டாம்பூச்சியையும் எடுக்கலாம். அவை நம்மை நெருங்க விடும்.

முந்நாளில் நம் வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் காமிராவை மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஆதலால் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுத்தோம். இன்று ஒரு காலை நடையில் முந்நூறு படம் எடுக்கிறோம்; முந்நூற்றையும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்ணிக்கை பெருகப் பெருகக் கவனம் சுருங்கிவிட்டது. எங்கள் குழுவில் மாதத்திற்கு ஒருநாள் 'பன்னிரண்டு படம்' என்று வரையறுத்துக்கொண்டு நடக்கிறோம். அன்றைய படங்களே பெரும்பாலும் இச்சுவரில் உள்ளன.

இப்போது ஒரு பழைய படத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். நம் குடியிருப்பில் வாழும் மூதாட்டியார் ஒருவர் சென்ற ஆண்டு எங்களை அழைத்து, கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் காட்டினார். மணமான புதிதில் கணவரோடு இந்நகருக்கு வந்தபோது எடுத்தது. பெரியதொரு மரத்தின் கீழ் அவர் நிற்கிறார். பின்னே நீர்ப்பரப்பு மங்கலாகத் தெரிகிறது. கணவர் மறைந்துவிட்டார். "இது எந்த இடம் என்று கண்டு சொல்லுங்கள், ஒருமுறை அங்கே போய் நிற்க வேண்டும்" என்றார் அந்த அம்மையார். படத்தின் பின்புறம் திருப்பிப் பார்த்தோம். மைக்கோலால் 'பெங்களூர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

நாங்கள் தேடினோம். அல்சூர் ஏரியின் கரை முழுதும் நடந்தோம். லால்பாக் ஏரியைச் சுற்றினோம். சாங்கி ஏரிக்கும் சென்றோம். ஒத்துவரவில்லை. அந்த மரம் வீழ்ந்துபோயிருக்கலாம். அந்த ஏரியே இல்லாமற் போயிருக்கலாம். ஏனெனில் இந்நகரம் தன் ஏரிகள் பலவற்றை விழுங்கிய நகரம். இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் உள்ள இடம் ஒருகாலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்த இடம் சம்பங்கி ஏரி. தேசிய விளையாட்டு வீரர் குடியிருப்பு எழுந்த இடம் கோரமங்கலத்து ஏரி. அம்மையாரிடம் வெறுங்கையோடு திரும்பினோம். அவர் படத்தை வாங்கி முந்தானையால் துடைத்து வைத்துக்கொண்டார், ஒன்றும் கூறவில்லை. பின்புறத்தில் இடத்தின் பெயரும் நாளும் எழுத அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தை அன்று எவரும் செலவிடவில்லை.

அவையோரே! எங்கள் பேச்சின் உட்கருத்து இதுவே. அரிய விலங்கின் படத்தைவிட, நாம் நாள்தோறும் காணும் இடத்தின் படம், நாளும் இடமும் பெயரும் குறிக்கப்பட்டிருக்குமாயின், பிற்காலத்திற்கு மிகப் பெரிய கொடையாகும். புலியை எடுக்க ஆயிரம் பேர் காட்டிற்குச் செல்கிறார்கள். நம் தெருமுனைப் புங்கமரம் எந்நாளில் தளிர்த்தது என்பதை நாம் குறிக்காவிடில் வேறு எவர் குறிப்பார்? அச்சிறுவன் சுவரில் கண்ட பன்னிரண்டு மரங்களும் ஒரே மரமே. கப்பன் பூங்காவில் நிற்பது. மாதந்தோறும் முதல் ஞாயிறன்று ஒரே இடத்தில் நின்று எடுத்தோம். இலை உதிர்ந்ததும், தளிர்த்ததும், பூத்ததும், ஒரு கிளை புயலில் முறிந்ததும், அந்த முறிவில் குக்குறுவான் பொந்து குடைந்ததும் அப்படங்களில் வரிசையாக உள்ளன. தனித்தனியே பார்த்தால் ஒன்றும் சிறப்பில்லை. சேர்த்துப் பார்த்தால் அது ஒரு மரத்தின் ஓராண்டு வரலாறு.

இத்தகைய குறிப்புகளை அறிவியலாரும் வரவேற்கின்றனர். ஒரு மரத்தைத் தேர்ந்து வாரந்தோறும் அதன் இலை, பூ, காய் நிலையைப் பொதுமக்களே பதிவு செய்யும் 'சீசன்வாட்ச்' என்னும் முயற்சி நம் நாட்டில் நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நிகழ்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் அதில் பங்கு பெறுகின்றனர். லால்பாகில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று பறவை காண்போர் கூடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அங்கே செல்வோர் புதியவர்க்கு அன்போடு கற்றுத் தருவர்.

பூங்காவைக் காக்கவும் இப்படங்கள் பயன்படும். கப்பன் பூங்காவையும் லால்பாகையும் காக்கவென 1975ஆம் ஆண்டிலேயே கருநாடகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 1998இல் கப்பன் பூங்காவின் ஒரு பகுதியை அதன் எல்லையிலிருந்து நீக்க அரசு முற்பட்டபோது மக்கள் கூடி எதிர்க்க வேண்டியதாயிற்று. 2009இல் மெட்ரோ இரயில் பாதைக்காக லால்பாகின் விளிம்பில் மரங்கள் வெட்டப்பட்டபோதும் நகரத்தார் கலங்கினர். "இங்கே என்ன இருந்தது?" என்று எவரேனும் கேட்கும் நாளில், "இன்ன நாளில் இது இருந்தது" என்று காட்ட ஒரு படம் வேண்டும். இல்லையேல் நம் சொல் வெறுஞ் சொல்லாகவே நின்றுவிடும்.

பெயர் குறிக்க வேண்டும் என்றோம். எம்மொழியில் குறிப்பது? தமிழில் குறிப்போம், கன்னடத்திலும் கற்போம். நம் பிள்ளைகள் பலர் காக்கை, கிளி இரண்டிற்கு மேல் பறவைப் பெயர் தமிழில் அறியார். கொண்டைக்குருவி, தேன்சிட்டு, மாங்குயில், செண்பகம், மீன்கொத்தி, வாலாட்டி என்று படத்தின் கீழ் எழுதப் பழகினால் பெயரும் நிலைக்கும், மொழியும் நிலைக்கும். பூங்காவில் நம்மோடு நடக்கும் கன்னட அன்பர்களிடம் கேட்டால் அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். நம் மரம் அவர்களுக்கு மர. நம் கிளி அவர்களுக்கும் கிளியே. நம் கொக்கு அவர்களுக்குக் கொக்கரெ. மத்தூர் அருகே கொக்கரெயின் பெயராலேயே விளங்கும் கொக்கரே பெள்ளூர் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே வீட்டு முற்றத்துப் புளியமரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன; ஊரார் அவற்றைத் தம் குடும்பத்தாரைப் போலக் காக்கின்றனர். நம் வேடந்தாங்கலில் உழவர் பறவைகளைக் காத்த வரலாறும் இதற்கு ஒத்ததே. பறவையைக் காக்கும் பண்பு இரு நாட்டிற்கும் பொது.

வலசை வரும் பறவையைக் கண்டு தன் ஊரை நினைத்த தமிழர் முன்னமே இருந்திருக்கிறார். வெளியூரில் வறுமையோடு வாடிய சத்திமுத்தப் புலவர், வானில் சென்ற நாரையைப் பார்த்து வீட்டிற்குத் தூது விடுத்த பாடலை நாம் பள்ளியில் பயின்றோம். அந்தத் துயரிலும் அவர் நாரையின் கால் நிறத்தையும் அலகின் வடிவத்தையும் தெளிவுறக் கண்டு கூறினார். அதனாலன்றோ இன்றைய பறவையியல் அன்பரும் அது எந்த நாரை என்று ஆராய முடிகிறது! காமிரா இல்லாத காலத்துப் படம் அது. ஊரை விட்டு வந்த கண்ணும் கூர்மையாகக் காணக்கூடும் என்பதற்கு அப்புலவரே சான்று. ஆண்டுதோறும் மழைக்காலத்தின் கடைசியில் இமயத்திலிருந்து சாம்பல் வாலாட்டி நம் நகரத்து நீரோடைகளுக்கு வருகிறது. அதன் முதல் வருகையை நம் குடியிருப்பில் யார் முதலில் குறிக்கிறார் என்று பிள்ளைகளுக்குள் ஒரு போட்டி வைக்கலாம்.

முடிவாக, மூன்று வேண்டுகோள்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று படமெடுக்க வேண்டும். எடுத்த படத்தில் நாள், இடம், பெயர் மூன்றும் குறிக்க வேண்டும். வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்திலும், மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். எந்த உயிரின் அமைதியையும் விலையாகக் கொடுத்து ஒரு படம் எடுக்கலாகாது.

புலி எங்கே என்று கேட்ட தம்பிக்கு ஒரு சொல். நாளைக் காலை உன் வீட்டு வாயிலில் வரும் காக்கையைப் படமெடு. அதன் பின்னே தெரியும் மரத்தையும் சேர்த்து எடு. இன்ன தெரு, இன்ன நாள் என்று எழுதி வை. நீ பெரியவனாகி, உன் பிள்ளை "இது எந்த இடம்?" என்று கேட்கும்போது உன்னால் விடை கூற முடியும். அந்த மூதாட்டியாருக்கு எங்களால் கூற முடியாமற் போன விடை அது.

 வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குடியிருப்பின் வாயிலில் காத்திருப்போம். விரும்புவோர் அனைவரும் வருக.